யானைக்குட்டி குடித்த வட துருவம்

ஒரு காட்டில், அதுவும் பங்குனி வெயிலுக்கு ஓணானே குடை தேடும் ஒரு காட்டில், ஆலமரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. கூரை கிடையாது, கரும்பலகை பாதிதான் உண்டு, ஆனால் சுற்றறிக்கைக்குக் குறைவே இல்லை. அந்த மாதச் சுற்றறிக்கை சொன்னது: துருவப் பகுதிகள் பற்றிய பாடத்தைப் பிள்ளைகள் செய்து பார்த்துக் கற்க வேண்டும், குளிரைத் தொட்டு உணர வேண்டும், மேற்பார்வை அதிகாரி மயிலார் நேரில் வந்து பார்ப்பார்.

பாடம் நடத்த வேண்டியவர் கருங்குழலி டீச்சர். கரடி. பெயருக்கேற்ற கறுப்பு. தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தவர், தற்காலிகமாகவே பாதி முடி கொட்டிப் போயிருந்தார்.

"இந்த ஒரு பாடத்தை நல்லா நடத்திட்டீங்கன்னா நிரந்தரம். சொதப்பினா வேற கரடியைப் பார்த்துக்குவாங்க" என்று தலைமையாசிரியர் உடும்பு சொல்லிவிட்டார். நாற்காலியை அவர் பிடித்திருந்த பிடியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

டீச்சர் உண்மையிலேயே நல்ல டீச்சர். அதுதான் சிக்கல். முதல் நாளே பிள்ளைகளிடம், "பனிக்கரடி வட துருவத்துல இருக்கும். பெங்குவின் தென் துருவத்துப் பக்கம் இருக்கும். பிறந்ததுலேர்ந்து சாகுற வரைக்கும் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கவே பார்த்துக்காது" என்று சொன்னார். அவ்வளவுதான், வகுப்பே விம்மத் தொடங்கியது. முள்ளம்பன்றிக் குட்டி சுள்ளி குலுங்கிக் குலுங்கி அழுததில் பக்கத்து முயலை முள் குத்தியது. முயல் அதற்கும் சேர்த்து அழுதது. டீச்சரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஏற்பாடுகள் தடபுடலாக நடந்தன. மீன் சந்தையிலிருந்து ஐஸ் பார்கள் சாக்கில் சுற்றி வந்து இறங்கின. வகுப்பின் வடக்கு ஓரத்தில் ஒரு தொட்டி, அது வட துருவம். தெற்கு ஓரத்தில் இன்னொன்று. ஐந்தாம் வகுப்புக் காக்கைக்கு நெஞ்சில் மட்டும் சுண்ணாம்பு தடவி, பெங்குவின் என்று சொல்லித் தெற்கே நிறுத்தினார்கள். பனிக்கரடிக்கு எங்கே போவது? டீச்சருக்கே வெள்ளையடித்தார்கள். அடித்த குரங்கு, சுவருக்கு அடிக்கிற பழக்கத்தில், பளிச்சென்று இருக்கட்டுமே என்று சுண்ணாம்பில் நீலம் கரைத்துவிட்டது. கொஞ்சம் தாராளமாகவே.

"டீச்சர், நீங்க லேசா ஆகாயம் மாதிரி இருக்கீங்க."

"பேசாம அடிடா. காதுக்குப் பின்னாடி விட்டுட்ட பாரு."

சொன்ன நேரத்துக்கு மயிலார் வரவில்லை. வழியில் ஒரு துண்டு மேகம் தெரிந்தாலும் நின்று ஆடிவிட்டு வருவது அவர் வழக்கம். அதுவரை பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியுமா? குரங்கு ஐஸை நக்கப் போய் நாக்கு ஒட்டிக்கொண்டு "ங்ஙா, ங்ஙா" என்று துருவத்தோடு சேர்ந்து துள்ளியது. காட்டுப்பூனை, "தென் துருவத்துல நெத்திலி வாசம் வருது டீச்சர்!" என்று கூவிக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. முயல் ஐஸ்மேல் உட்கார்ந்து, வால் மரத்துப்போய் எழுந்து, "எனக்கு வாலே இல்ல, வாலே இல்ல!" என்று அலறியது. இவ்வளவு சந்தோஷமாக எந்தப் பாடமும் அந்தக் காட்டில் நடந்ததில்லை.

இந்தக் கலாட்டாவில் வடக்கே ஒரு உறிஞ்சும் சத்தம் கேட்டதை யாரும் கவனிக்கவில்லை. டீச்சர் திரும்பிப் பார்த்தபோது தொட்டி காலி. பக்கத்தில் யானைக்குட்டி தொப்பளான் ஏப்பம் விட்டுக்கொண்டு நின்றான்.

"துருவம் எங்கடா?"

"குடிச்சிட்டேன் டீச்சர். தாகமா இருந்துச்சு."

"முழுசாவா?"

"நடுவுல கொஞ்சம் மென்னேன்."

அந்த நேரம் பார்த்து மயிலாரின் அகவல் கேட்டது. உடும்பு ஓடி வந்தார். "டீச்சர், ஓடிப் போய்த் தெக்க ஏறுங்க!"

"பனிக்கரடி தெக்க வராது சார்."

"நிரந்தரம் வேணும்னா வரும்."

வந்தது. ஒரே ஐஸ் பார்மேல் ஒரு நீலக் கரடியும் ஒரு காக்கையும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "டீச்சர், என் கால்மேல நிக்கிறீங்க" என்றது பெங்குவின். மயிலார் உள்ளே நுழைந்தார். கரடி, "நான் வட துருவத்தில் வாழ்கிறேன்" என்றது. அதே ஐஸிலிருந்து காக்கை, "நான் தென் துருவத்தில் வாழ்கிறேன்" என்றது.

சுள்ளி சிலிர்த்துக்கொண்டு எழுந்தான். "ஐயா, இது தப்பு! இவங்க ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் பார்த்துக்கவே மாட்டாங்க. டீச்சர்தான் சொன்னாங்க. நாங்க அழுதோம்!"

மயிலார் கழுத்தை நீட்டினார். "டீச்சர், துருவம் எத்தனை?"

டீச்சருக்குப் பொய் வரவில்லை. "ரெண்டு ஐயா. ஒண்ணு இந்தப் பையன் வயித்துல இருக்கு."

தொப்பளான் பணிவாக மீண்டும் ஒரு ஏப்பம் விட்டான். மயிலார் செல்போனை எடுத்து, ஐஸைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திடீரென்று முகம் மலர்ந்தார்.

"பிரமாதம்! இந்த ஆப்பில ஒரு பாடத்துக்கு ஒரு படம்தான் ஏறும். பக்கத்துக் காட்டுல ரெண்டு துருவம் வச்சாங்க. வடக்கை எடுத்தா தெற்கு விழல, தெற்கை எடுத்தா வடக்கு விழல. கடைசியில அந்த டீச்சரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாப் போச்சு. இங்க ஒரே படத்துல உலகமே அடங்கிருச்சு! நிர்வாக வசதிக்காக ரெண்டையும் இணைச்சிட்டீங்க, இல்லையா?"

"ஆமாங்கய்யா, என்னோட யோசனைதான்" என்றார் உடும்பு.

"இணைச்சது இணைச்சதாவே இருக்கணும். மறுபடி கேக்கறேன், டீச்சர். துருவம் எத்தனை?"

டீச்சர் சுள்ளியைப் பார்த்தார். பக்கத்துக் காட்டு டீச்சரை நினைத்தார். காலடியில் ஐஸ் உருகிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணு ஐயா."

மயிலார் தோகையை விரித்துக் கரடிக்கும் காக்கைக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். படம் உடனே ஏறியது. துருவங்களை இணைத்ததற்காகத் தொப்பளானுக்குச் சிறந்த புவியியல் மாணவன் என்று பரிசும் கிடைத்தது.

பத்து நாளில் ஆணை வந்தது. கருங்குழலி, பனிக்கரடி, பணி நிரந்தரம். ஆணையில் இருப்பதுபோல்தானே ஆளும் இருக்க வேண்டும்? அதனால் மழை பெய்து வெளுப்புப் போகும்போதெல்லாம் குரங்கு வாளியோடு வந்துவிடும், நீலத்தோடு.

ஒருநாள் வெள்ளையடித்துக்கொண்டிருக்கையில் சுள்ளி மெதுவாக வந்து நின்றான்.

"டீச்சர், துருவம் ஒண்ணுன்னா, அவங்க தினமும் பார்த்துக்குவாங்கதானே?"

"பார்த்துக்குவாங்கடா."

"அப்ப, அன்னிக்கு நாம எல்லாரும் சேர்ந்து அழுதோமே, அது?"

டீச்சர் காதை மடக்கிக் கொடுத்தார். குரங்கு காதுக்குப் பின்னால் அடித்து முடித்தது.

"அது பரீட்சைக்கு வராதுடா" என்றார்.

நீதி: பூமிக்கு இரண்டு துருவங்கள் உண்டு, வேலை நிரந்தரமாகும் வரை.