ஐந்தாம் மாடியைத் திருத்தியவன்

முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டுக்குள் புகுந்து, அவருடைய கோப்பித்தூளைக் கழுவுதொட்டியில் கொட்டி, காலி டின்னைப் படமெடுத்து மேலிடத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். அப்போது எனக்கு வயது அறுபத்து நான்கு. வாலிபக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

முப்பத்தோரு வருடம் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். நிருபர்கள் எழுதுவதைத் திருத்துவதுதான் தொழில். ஓய்வு பெற்றபின் திருத்த ஆள் இல்லாமல் கல்யாணப் பத்திரிகை, மளிகைக்கடைப் பலகை, மருமகனின் வாட்ஸ்ஆப் வாழ்த்து என்று கையில் கிடைத்ததையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன். (மருமகன் இப்போதெல்லாம் பூப் படம் மட்டுமே அனுப்புகிறார்.)

நானும் மனைவி புஷ்பாவும் மார்மன் சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் சபையில் வயதான தம்பதிகள் விருப்பப்பட்டால் ஒன்றரை வருடம் வேறு ஊருக்கு ஊழியம் செய்யப் போகலாம். எங்களுக்குக் கிடைத்த ஊர் பினாங்கு. நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு ஜார்ஜ் டவுனில் போய் இறங்கினோம். ஊழியத்தில் இருக்கும்வரை ஆண் 'எல்டர்', பெண் 'சிஸ்டர்'.

"முப்பத்தாறு வருஷமா 'என்னங்க'ன்னு கூப்பிட்டாச்சு. இப்ப போயி எல்டர்னா, யாரோ பக்கத்து வீட்டுக்காரர கூப்பிடற மாதிரி இருக்கு" என்றாள் புஷ்பா. கடைசிவரை கூப்பிடவே இல்லை.

இன்னொரு விதி, ஊழியத் துணையைவிட்டு எங்கும் தனியே போகக்கூடாது. நான் முடிவெட்டப் போனால் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "காதோரம் இன்னும் கொஞ்சம் எடுங்க தம்பி" என்பாள். லிட்டில் இந்தியாவில் அவள் சேலை பார்த்தால் நானும் சேலை பார்ப்பேன்.

வேலை ஒன்றும் கடினமில்லை. நோயாளிகளைப் பார்ப்பது, வயதானவர்களைக் காரில் கூட்டிப்போவது, எங்களைப்போல ஊழியத்துக்கு வந்திருக்கும் இளைஞர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவது. அதோடு மாதம் ஒருமுறை அந்த இளைஞர்களின் வீட்டைச் சோதனை போடுவது. அடுப்பு சுத்தமா, குளியலறையில் பாசியா, குளிர்பெட்டியில் ஏதாவது உயிர் பிழைத்திருக்கிறதா என்று பார்த்து மிஷன் தலைவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். எங்கள் சபை விதிப்படி கோப்பி, தேநீர், மது, சிகரெட் எதுவும் கிடையாது. (நாளிதழ் மேசையில் தினம் ஏழு கிளாஸ் கோப்பி குடித்தவன் அதை எப்படி விட்டான் என்பதைப் புஷ்பா மட்டுமே சொல்லத் தகுதியானவள். அந்த ஆறு வாரம் அவள் என்னோடு வாழ்ந்தாள்.) விதியை மீறும் இளைஞனைப் பாதியிலேயே ஊருக்கு அனுப்பவும் கூடும்.

முதல் சோதனை இரண்டு பேரின் வீட்டில். ஒருவன் விட்மோர், அமெரிக்கப் பையன். மற்றவன் லாங்கி, சரவாக்கின் உட்பகுதியிலிருந்து வந்தவன். இருவரையும் நான் அதுவரை பார்த்ததில்லை. லாங்கியைப் பற்றி மட்டும் தலைவர் முன்பே சொல்லியிருந்தார். "நல்ல பையன். இன்னும் மூணு மாசம்தான். அவங்க அம்மா ரப்பர் பால் வெட்டுன காசுல அனுப்புன பிள்ளை. முழுசா முடிச்சு வருவான்னு ஊரே ஒரே கூரையடியில வாழற அவங்க நீண்டவீட்டுல இருக்கற எல்லாக் குடும்பத்துக்கும் சொல்லி வெச்சிருக்காங்க."

சோதனை நாளன்று விட்மோரிடமிருந்து செய்தி வந்தது. ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போகிறார்கள். அவர்கள் குடியிருக்கும் வீட்டு எண் 5-7. சாவி வாசலில் இருக்கும் பழைய கறுப்புச் சப்பாத்துக்குள்.

அதாவது ஐந்தாம் மாடி, ஏழாம் வீடு. பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் நான் பச்சைக் குழந்தை இல்லையே, துணையாசிரியர்.

மின்தூக்கிக்குள் நின்று புஷ்பாவுக்கு விளக்கினேன். "அமெரிக்காக்காரன் தரைத்தளத்தையே முதல் மாடின்னுதான் எண்ணுவான். அப்ப அவனோட அஞ்சு, நமக்கு நாலு. சீனவங்களுக்கு நாலு ஆகாது, அதனால இந்தக் கட்டடத்துல நாலே இல்ல. பாரு, மூணுக்கு அடுத்து 3A, அப்புறம் அஞ்சு. ஆக, நாம போக வேண்டியது 3A."

"அவன் அஞ்சுன்னுதானே போட்டிருக்கான்?"

"அது பிழை. நான் திருத்திட்டேன்."

3A-7 வாசலில் பழைய கறுப்புச் சப்பாத்து இருந்தது. அதற்குள் சாவியும் இருந்தது. நான் புஷ்பாவைப் பார்த்த பார்வையை அவள் இன்றும் நடித்துக் காட்டுவாள்.

"என்னங்க, இது இரும்பு மூக்கு வெச்ச வேலைச் சப்பாத்து. பதினோராம் நம்பர். பையன் போடறதா இது?"

"அமெரிக்கப் பையன்" என்றேன்.

உள்ளே போனோம். ஒன்று சொல்லிவிடுகிறேன், என் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன், எல்லாவற்றையும் தவறாக விளக்கினேன். சுவரில் இயேசு படம், சரியான வீடுதான். பக்கத்தில் மாதா சிலையும் ஜெபமாலையும்.

"நம்ம பையன்களுக்கு ஜெபமாலை எதுக்குங்க?"

"முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க."

நாற்காலியில் தமிழ் நாளிதழ் கிடந்தது. மொழி கற்றுக்கொள்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். (அதிலிருந்த ஒரு தலைப்புப் பிழையைப் பேனாவால் திருத்தவும் செய்தேன்.) குளியலறையில் பெண்கள் கட்டும் பத்தேக் கைலி தொங்கியது. அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. குளிர்பெட்டியைத் திறந்தேன், இரண்டு டின் பீர். அடுப்புக்குப் பக்கத்தில் பெரிய டின் நிறையக் கோப்பித்தூள்.

செய்தி கிடைத்த நிருபனின் பரவசத்தை வேறு யாருக்கும் விளக்க முடியாது. துக்கச் செய்தியானாலும் முதலில் கை பரபரக்கும், துக்கம் பிறகுதான் வரும். படம் எடுத்தேன். பீரையும் தூளையும் தொட்டியில் கொட்டினேன். காலி டின்களை வரிசையாக வைத்து மறுபடியும் எடுத்தேன்.

"அனுப்பாதீங்க. பையன்கள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்புங்க" என்றாள் புஷ்பா, துடைப்பதை நிறுத்தாமலே. அவள் ஏற்கெனவே பாதி வீட்டைத் துடைத்திருந்தாள். "அந்த அம்மா எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்காங்களாம்."

முப்பத்தோரு வருடம் இளம் நிருபர்களிடம் நான் கத்திய வாக்கியமே 'சம்பந்தப்பட்டவனைக் கேட்டாயா?' என்பதுதான். கேட்கவில்லை. அனுப்பிவிட்டேன். 'கோப்பி ஒரு டின். பீர் இரண்டு. பெண்கள் கைலி ஒன்று. நேரில் கண்டது.' இரண்டு நீலக் குறி உடனே விழுந்தது.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. வேலைச் சட்டையோடு, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆறடி மனிதர் ஒருவர் மீன் பையுடன் நின்றார். ஒரு தமிழர். என்னைப் பார்த்தார், என் பெயர்ப்பட்டையைப் பார்த்தார், முழங்கால் போட்டு அடுப்படியைத் தேய்க்கும் புஷ்பாவைப் பார்த்தார்.

"யாருண்ணே நீங்க? என் பொண்டாட்டி அனுப்புனாளா?"

"உங்க... மனைவியா?"

"புக்கிட் மெர்தாஜாம்ல மக வீட்டுல இருக்கா. வர்றதுக்குள்ள வீட்டக் கிளீன் பண்ணி வைன்னா. நான் பண்ண மாட்டேன்னு தெரிஞ்சு ஆளே அனுப்பிட்டாளா?"

புஷ்பா எழுந்து நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரிடம் நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். அதில் ஒரு சொல்லைக்கூட நான் வெட்டியிருக்க முடியாது.

அந்தோணி (அதுதான் அவர் பெயர்) கோபப்படவில்லை. பளபளக்கும் அடுப்பைத் தடவிப் பார்த்தார். குளியலறைக்குள் எட்டிப் பார்த்து, "ஆத்தாடி" என்றார். பீர் டின்களைப் பார்த்து, "அதுகூடப் பரவால்லலா" என்றார். பிறகு அவர் கண் அடுப்புப் பக்கம் போனது. முகம் மாறியது.

"என் கோப்பி எங்கண்ணே?"

நான் தொட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"ராத்திரி பூரா துறைமுகத்துல கிரேன் ஓட்டிட்டு வர்றேன். அந்த ஒரு கோப்பிய நெனச்சுக்கிட்டேதான் படியேறி வந்தேன். லிஃப்டுகூட வரல."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. கீழே சீனர் கோப்பிக்கடை இருந்தது. துணையைவிட்டுப் போகக்கூடாதே, இருவருமாக இறங்கினோம். போகும்போதே தலைவரை அழைத்தேன்; எடுக்கவில்லை. 'தவறான வீடு. பையன்கள் நிரபராதிகள். தவறு என்னுடையது' என்று எழுதினேன். நாளிதழில் பிழை வந்தால் மறுநாள் ஏழாம் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத இடத்தில் திருத்தம் போடுவோம். வாட்ஸ்ஆப்பில் ஏழாம் பக்கம் இல்லை. நீலக் குறியும் விழவில்லை.

பையில் கட்டிய கறுப்புக் கோப்பி இரண்டு வாங்கினோம். மின்தூக்கி வாசலுக்குத் திரும்பியபோது வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளைச் சாயம் தெறித்த இரண்டு இளைஞர்கள் ஓடிவந்தார்கள். நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. குள்ளமானவனின் பட்டையில் லாங்கி என்று இருந்தது; அவன் கண்கள் சிவந்திருந்தன. நான்தான் அவரா என்று அவர்கள் கேட்கக்கூட இல்லை, என் பட்டையிலேயே பெயர் எழுதியிருந்ததே.

லாங்கி என்னைப் பார்த்தான். என் விரலில் தொங்கிய பைகளைப் பார்த்தான்.

"அங்கிள்," என்று மலாயில் மெதுவாகக் கேட்டான், "அது கோப்பியா?"

எத்தனையோ பேரிடம் நான் கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு துல்லியமான கேள்வியை ஒருபோதும் கேட்டதில்லை.

சாயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே தலைவர் அவனை அழைத்திருந்தார். இல்லை என்று சொல்லியும் நான் எடுத்த படத்தை அனுப்பிக் காட்டினாராம். "எங்க அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்பதுதான் அவன் இரண்டாவது கேள்வி.

"இல்லப்பா. யாருக்கும் சொல்லல. நான்தான் தப்பு. நீ ஒண்ணும் பண்ணல" என்றேன். அது போதவில்லை என்று தெரிந்தது. அவன் கைப்பேசியை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத் தலைவரை அழைத்தேன். இம்முறை எடுத்தார். தரைத்தளம், முதல் மாடி, நாலு, 3A என்று முழுவதையும் சொன்னேன். பிறகு அவர் கேட்டார்: "எல்டர், அவன் அஞ்சுன்னு எழுதினதுக்கு, நீங்க அஞ்சாம் மாடிக்கே போயிருக்கலாமே?"

விட்மோர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அதைப் பார்த்த லாங்கிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். புஷ்பா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். நான் மட்டும் ஆறிக்கொண்டிருந்த கோப்பியுடன் நின்றேன்.

மூன்று மாதம் கழித்து லாங்கி முழுக்காலத்தையும் முடித்து ஊர் திரும்பினான். படகுத் துறைக்கு நீண்டவீடே வந்திருந்தது என்று படம் அனுப்பினான். கதையை அம்மாவிடம் அவனே சொல்லிவிட்டான் போலும். நாங்கள் ஊழியம் முடிந்து கிள்ளானில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் அந்த அம்மாவிடமிருந்து ஒரு பொட்டலம் வந்தது, அவர் தோட்டத்து மிளகு. அதிலிருந்து வருடாவருடம் வருகிறது. ஒவ்வொரு முறையும் எங்கள் முகவரிக்குக் கீழே பெரிய எழுத்தில், மலாயில், ஒரே வரி: 'இந்த முகவரி சரியானது. தயவுசெய்து திருத்த வேண்டாம்.'

அந்தத் துண்டை வெட்டி புஷ்பா குளிர்பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறாள். பேரப்பிள்ளைகளுக்கு மலாய் நன்றாக வாசிக்க வரும். நான் எதையாவது திருத்த வாயைத் திறந்தால், ஐந்து வயதுக்காரி முதற்கொண்டு எல்லோரும் சேர்ந்து அதை உரக்க வாசிக்கிறார்கள்.