இர்பானா வாயை மூடிக்கொண்ட விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் கிதர் முகம்மது அவர்களுக்கு,

உத்திரமேரூரிலிருந்து மஹபூப் பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஓரிக்கையில் தாங்கள் அனைவரும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே சுகமில்லை. போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் இருமினாலே மூன்று ரூமுக்கும் கேட்கும்.

பஜாரை விட்டுப் பெருநகர் ரோட்டில் புது மனைப்பிரிவுக்குக் குடிவந்ததிலிருந்து தங்கள் தங்கை ஷாஜாதி என்னோடு பேசுவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. சுற்றிலும் காலி மனை, பேச்சுத்துணைக்கு ஒரு பெண்பிள்ளை கிடையாது, அந்தக் கோபம். நானும் ரோஷக்காரன், பேசவில்லை. பிளஸ் ஒன் படிக்கிற எங்க பொண்ணு இர்பானாதான் நடுவுல. "கேஸ் தீந்துபோச்சுன்னு உங்கப்பா கிட்ட சொல்லு"ம்பா இவ. "எனக்கும் கண்ணு தெரியுதுன்னு உங்கம்மி கிட்ட சொல்லு"ம்பேன் நான். மூணு பேரும் ஒரே ரூம்லதான் உக்காந்துகினு இருப்போம். போன மாசம் ஷாஜாதி திடீர்னு எனக்குப் புடிச்ச தால்ச்சா வெச்சா. நான் அவளுக்கு மல்லிப்பூ வாங்கியாந்தேன். அப்புறம்தான் வெளிய வந்துது, இந்தப் பொண்ணு நாங்க சொல்றத சொல்லாம, நல்ல பேச்சா மாத்தி மாத்திச் சொல்லிக்கினு இருந்திருக்கா. குழம்பு வாயில வைக்க முடியலன்னு நான் சொன்னா, "அப்பாக்கு ரொம்பப் புடிச்சுதாம்"னு போய் சொல்லியிருக்கா. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அன்னிக்குத்தான் ஒத்துமையா ஒரு காரியம் பண்ணோம், பொய்க்காரின்னு அவளத் திட்டினோம். அன்னியோட வாய மூடிக்கினா. ஸ்கூலுக்குப் போறதில்ல, கத்திரிக்கோல எடுத்து முடிய ஒட்ட வெட்டிக்கினா. கதவு சாத்தியே கீது. எனக்கு பயமா கீது மச்சான். நீங்க வந்து கொஞ்ச நாளைக்கு அவள அங்க அழைச்சிக்கினு போங்க.

அனைவருக்கும் என் சலாம். அல்லாஹ் தங்கள் இல்லத்தில் பேச்சும் சிரிப்பும் குறையாமல் வைப்பானாக.

இப்படிக்கு,
மஹபூப் பாஷா

பின்குறிப்பு: வர வேணாம். கை கழுவப் போன நேரத்துல ஷாஜாதி இதப் படிச்சுட்டா. நேரா என் மூஞ்சியப் பாத்து, "எம்பொண்ண எங்கயும் அனுப்ப மாட்டேன்"னா. "நான் மட்டும் ஆசப்பட்டா அனுப்பறேன்?"னேன். பேசினோம், சண்டையாத்தான். சத்தம் கேட்டு இர்பானா பையோட வெளிய வந்தா. "நீங்களே பேசிக்கிறீங்க இல்ல, இனிமே நான் வேணாமே. மாமு வூட்டுக்குப் போறேன்"னா. எவ்வளவோ சொல்லியும் கேக்கல. ரெண்டு பேருமாப் போய் பஸ் ஏத்திட்டு வந்துட்டோம். இது வந்து சேர்றதுக்குள்ள அவ அங்க இருப்பா. எதுவும் கேக்காதீங்க, சாப்பாடு மட்டும் போடுங்க. இங்க நாங்க எதிரும் புதிருமா உக்காந்துகினு இருக்கோம். இன்னா பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல.