விருந்தாளிக்கு லஞ்சன்

"லஞ்ச்னு போட்டா கேவலமா இருக்கும்யா. நீயும் நானும் டிபன் பாக்ஸ்ல கொண்டாந்து சாப்பிடறதுக்குப் பேரு லஞ்ச். வர்றவர் மும்பைக்காரர்" என்றார் மேனேஜர் ராமசுப்பு.

தமீம் கையில் சாக்பீஸோடு போர்டைப் பார்த்தபடி நின்றார்.

திருவொற்றியூரில் அந்தப் பம்பு ஃபேக்டரி ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தது. இரண்டாவது ஷிஃப்ட் போய்விட்டது. முதல் ஷிஃப்டிலும் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்து கடற்காற்று வாங்கினார்கள். ஃபேக்டரியை வாங்க இன்று மும்பையிலிருந்து ஒருவர் வருவதாக ஹெட் ஆபீஸ் சொல்லியிருந்தது. வாங்கினால் பிழைக்கும், வாங்காவிட்டால் பூட்டு. ஸ்டோர்கீப்பர் தமீமுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த வயதில் வேறு எந்த கேட்டில் போய் நிற்பது என்ற பயம் அவர் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. கையெழுத்து நன்றாக இருந்த பாவத்துக்கு, வரவேற்பு போர்டும் அவர் தலையில் விழுந்தது.

காலேஜில் இங்கிலீஷ் படிக்கும் மகள் ரூஹிக்குப் போன் போட்டார்.

"லஞ்சன்னு போடுங்க அத்தா. அதுதான் மரியாதையான வார்த்தை."

போட்டார். மேனேஜர் தள்ளி நின்று படித்தார். "ஆஹா, என்ன கம்பீரம்!" என்றார். அந்தக் கம்பீரத்தோடு நேராக கேன்டீனுக்குப் போனார்.

அங்கே சொக்கம்மாள் அறுபது பேருக்கு சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள். லஞ்சன் என்றால் சூப் வேண்டும், மேசைக்கு வெள்ளைத் துணி வேண்டும் என்று உத்தரவானது. இருந்த ஒரே பெரிய அடுப்பிலிருந்து சாம்பார் இறங்கி, சூப் ஏறியது.

"இன்னா பாய், ஒரு வார்த்தைய எழுதி என் சாம்பார எறக்கிட்டியே! பருப்பு இன்னும் வேவல" என்று சொக்கம்மாள் தமீமைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் ஃபிட்டர் செங்குட்டுவன் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஆட்களோடு வந்து போர்டின் முன் நின்றான்.

"அவருக்கு லஞ்சன், எங்களுக்கு வேகாத சாம்பாரா? எல்லாருக்கும் ஒரே பேரா போடு பாய். இல்லாங்காட்டி இன்னிக்கு ஒரு மிஷினும் ஓடாது."

லஞ்ச் என்றால் மேனேஜர் விடமாட்டார். லஞ்சன் என்றால் இவர்கள் விடமாட்டார்கள். தமீம் மறுபடியும் மகளைக் கூப்பிட்டார். அவள் கிளாசில் இருந்தாள் போல, குரல் கிசுகிசுத்தது.

"டின்னர்னு போடுங்க அத்தா. பகல்ல பெருசா சாப்பிட்டாலும் டின்னர்னு சொல்லலாம்."

'எல்லாருக்கும் டின்னர்' என்று போட்டார். செங்குட்டுவனுக்குத் திருப்தி. ஆட்கள் ஆளுக்கொரு போனை எடுத்து, ராத்திரி வூட்டுக்கு வர நேரமாகும், கம்பெனியில் டின்னர் என்று பெருமையாகச் சொன்னார்கள். சொக்கம்மாளும் எட்டிப் பார்த்தாள். "ராத்திரிக்குத்தானா? அப்பால பாத்துக்கலாம்" என்று அடுப்பை அணைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

மேனேஜர் இதைக் கண்டுபிடித்தபோது மும்பைக்காரரின் கார் எண்ணூர் நெடுஞ்சாலையில் திரும்பியிருந்தது.

"பட்டப்பகல்ல எவன்யா டின்னர் சாப்பிடுவான்? சூப் எங்கேய்யா?"

சூப் பச்சைத் தண்ணீராக இருந்தது. தமீம் போர்டை அழித்து, மூச்சுப் பிடித்து 'ரெஃப்ரெஷ்மென்ட்ஸ்' என்று எழுதி முடித்தார். வெள்ளைத் துணி விரித்த நீள மேசையில், எதிர்க்கடை பிஸ்கட்டும் நாலு வாழைப்பழமும் அநாதையாகக் கிடந்தன. அறுபது பேர் பசியோடு மிஷின் பக்கத்தில் நின்றார்கள்.

மும்பைக்காரர் இறங்கினார். போர்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒவ்வொரு மிஷினாகத் தட்டிப் பார்த்தார், கூரையின் இரும்பை அண்ணாந்து பார்த்தார், மிஷின் என்ன எடை என்று கேட்டார்.

"எடை வரைக்கும் கேக்கறார். என்ன அக்கறை பாருய்யா!" என்று மேனேஜர் உருகினார்.

ஆனால் மேசைக்கு வந்ததும் மும்பைக்காரர் கும்பிட்டு நகர்ந்துவிட்டார். ஒரு பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை.

போர்டில் எழுதியது பிடிக்காமல்தான் போகிறார், அறுபது குடும்பத்தின் சோற்றில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தபோது தமீமுக்குக் கண் கலங்கிவிட்டது. வாசலுக்கு ஓடினார். வாடகைக் கார் டிரைவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர், ரெண்டு நாளாக மும்பைக்காரரைச் சுற்றிக் காட்டுகிறவர்.

"நைனா, ஒரு ஒதவி பண்ணு. உங்க சார் எதையுமே தொடல. லஞ்ச்னு போட்டிருந்தா சாப்ட்டிருப்பாரா? லஞ்சன்னா? கரீக்டான பேர மட்டும் சொல்லு, இப்பவே மாத்தி எழுதிடறேன்."

டிரைவர் அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"எந்தப் பேர எழுதினாலும் சாப்ட மாட்டாரு பாய். ஒடச்சி எடைக்குப் போடப் போற எடத்துல அவரு கை நனைக்கிறதே கெடையாது."