தேங்காயும் அளவு நாடாவும்

"எங்கை அடிக்கிறதெண்டு சொல்லுங்கோ ஐயா. நாலு மணிக்குக் கொடிகாமத்திலை நிக்கவேணும்" என்றான் ஜெரோசன்.

அவனுடைய குழாய்க்கிணறு அடிக்கும் இயந்திரம் படலைக்குள் நுழைந்து பத்து நிமிடமாகிவிட்டது.

கதிரவேலு முற்றத்தைப் பார்த்தார். விடியக் கூட்டிய கோடு கலையாத மணலில், இருபதடி இடைவெளியில் இரண்டு தடிகள் நின்றன. நீலத் துணி கட்டியது மகள் தயாளினியின் தடி. சிவப்புத் துணி கட்டியது நீரோட்டம் பார்க்கும் முருகேசுவின் தடி. நேற்றுப் பொழுதுபடும் நேரத்தில் ஒருவர் பின் ஒருவராகக் குத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

தயாளினி விஞ்ஞானப் பட்டதாரி. அரியாலையில் பதினான்கு கிணறுகளில் உப்பு அளந்து, முற்றம் முழுவதும் கம்பியால் குத்திக் கல்லின் ஆழம் பார்த்து, அட்டவணை போட்டு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று வாரம் சென்றது. முருகேசு உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார். தேங்காய் எழும்பி நின்ற இடத்தில் தானும் நின்றார். மொத்தம் ஏழு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் வெற்றிலைக்கு.

புது வீட்டுக்கு வெள்ளிக்கிழமை குடிபூரல். பழைய கிணற்று உப்புத் தண்ணீரில் போட்ட தேநீரை ஒருமுறை குடித்தவர்கள் மறுமுறை வருவதில்லை. ஆனால் தயாளினியை வாட்டியது அது அல்ல. அப்பா முதல்நாள் சொன்ன சொல்.

"உன்ரை இடத்திலை நல்ல தண்ணி வந்தால், மேலை படிக்கப் பேராதனைக்குப் போ. உப்பு வந்தாலோ, முருகேசர் காட்டினதிலை அடிக்கவேண்டி வந்தாலோ, டென்மார்க் மாப்பிள்ளைக்கு ஓமெண்டு சொல்லவேணும்."

"பிள்ளை, கடைசியா ஒருக்கால் அளந்து பார்" என்றார் கதிரவேலு இப்போது.

அவள் அளவு நாடாவை எடுத்தாள். எல்லைக் கல்லிலிருந்து அறுபத்திரண்டு அடி. கொப்பியில் இரண்டு தரம் கோடிட்டு வைத்திருந்தாள். நாடாவைப் பிடித்தபடி நடந்தாள். அறுபத்திரண்டாவது அடி சிவப்புத் தடியில் போய் முட்டியது.

திரும்பப் போய் அளந்தாள். சிவப்பேதான்.

"சரியோ பிள்ளை?"

"ஓம் அப்பா."

சொன்ன பிறகுதான் பொய் என்று உறைத்தது. நேற்று மங்கல் வெளிச்சத்தில் பிழையாக அளந்திருக்கிறாள். மூன்று வாரக் கணக்கை இருபதடி தள்ளிக் குத்தியிருக்கிறாள். முருகேசுவின் இடம்தான் சரி என்று அவளுடைய கொப்பியே சொல்லுகிறது. அதை வாய்விட்டுச் சொன்னால் டென்மார்க்.

சொல்லாமல் தப்ப ஒரு வழி தோன்றியது. தேங்காயை வைத்தே சிவப்பை வெல்லவிடலாம். நல்ல தண்ணீர் வந்தபின், கொப்பியிலும் அதே இடம்தான் என்று காட்டி அப்பாவிடம் கெஞ்சலாம்.

"மாமா, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருக்கால் நடந்து காட்டுறியளோ? அதே இடத்திலை தேங்காய் எழும்பினால் நான் விட்டுத்தாறன்."

தேங்காயோடு வந்து நின்ற முருகேசு சிரித்தார். "கட்டு பிள்ளை. ஊத்துப் பாக்கிறது நானில்லை, தேங்காய். அதுக்கேது கண்?"

அவருடைய சால்வையாலேயே கட்டினாள். ஜெரோசன் அவரைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டான். முருகேசு தடுமாறி, வேலிப்பக்கம் போய், திரும்பி, மெல்ல மெல்ல வந்தார். தேங்காய் ஆடியது. எழுந்து நின்றது.

"இதிலை" என்றார். சால்வையை அவிழ்த்தார். காலடியில் நீலத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

முருகேசு தேங்காயைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"ராத்திரியிலை ஊத்து இடம் மாறுறதும் உண்டு" என்றார் கடைசியில்.

"பிறகென்ன? தேங்காயே உன்ரை பக்கம் வந்திட்டுது" என்றார் கதிரவேலு. "தம்பி, நீலத்திலை அடி."

"அப்பா, கொஞ்சம் பொறுங்கோ. வெய்யிலுக்கு நாடா நீண்டும் இருக்கும். சிவப்பிலையும் ஒருக்கால்..."

"மூண்டு வாரமா என்ரை கணக்கு என்ரை கணக்கெண்டு என்னைத் திண்டனி. இப்ப சிவப்போ?"

"அக்கா, மெசின் சூடாகுது" என்றான் ஜெரோசன்.

அவள் நாடாவைச் சுருட்டினாள்.

இயந்திரம் இரண்டு மணித்தியாலம் உறுமியது. வெள்ளைச் சேறு பீறியது. பிறகு கல்லுத் தூள். தயாளினி உப்பு மீற்றரைக் கையில் பொத்திக்கொண்டு படியில் இருந்தாள். டென்மார்க்கில் இப்போது எத்தனை பாகை குளிர் என்று யோசித்தாள். பிழையான இடம் என்று தெரிந்துகொண்டே அடிக்கவிட்டிருக்கிறாள். உப்பு வந்தால் அழக்கூட நியாயமில்லை.

முப்பத்திரண்டாவது அடியில் தண்ணீர் வந்தது. தெளியும்வரை காத்திருந்து ஒரு கிளாசில் பிடித்து மீற்றரை வைத்தாள். கதிரவேலு கிளாசைப் பறித்து ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். மிச்சத்தையும் குடித்தார்.

"இளநி" என்றார்.

மீற்றரும் அதைத்தான் சொன்னது. அரியாலையில் அவள் அளந்த பதினான்கு கிணறுகளிலும் இவ்வளவு குறைந்த எண் இருக்கவில்லை.

"பேராதனைக்குப் பெட்டியை அடுக்கு" என்றார் கதிரவேலு. "முருகேசண்ணை, என்ன சொல்லுறியள்?"

முருகேசு தேங்காயைப் பையினுள் வைத்தார். "என்னத்தைச் சொல்ல? படிப்புப் படிப்புத்தான்."

தயாளினி தலையைக் குனிந்துகொண்டாள். இன்றைக்கு நாடாதான் எங்கோ இழுபட்டிருக்கிறது. அட்டவணை பொய் சொல்லவில்லை. நேற்றைய தயாளினியை இன்றைய தயாளினி நம்பியிருக்கலாம். மெல்லச் சிரிப்பும் வந்தது.

அம்மா குணலட்சுமி புதுத் தண்ணீரில் தேநீர் போட்டு எல்லாருக்கும் கொண்டுவந்து நீட்டினாள். சேற்றில் சரிந்து கிடந்த நீலத் தடியையும், தள்ளி நின்ற சிவப்புத் தடியையும் பார்த்தாள்.

"உந்தத் தடியளை இனி எறியலாமோ? காலமை முத்தம் கூட்டவெண்டு ரெண்டையும் பிடுங்கிப்போட்டு, எந்த ஓட்டையிலை எந்த நிறம் நிண்டதெண்டு தெரியாமல் முழிச்சு, கடைசியிலை என்ரை மனம் சொன்னபடி குத்திவிட்டனான்."