மண்டபத்து சைட்டுல நாப்பத்தோரு ஃபைல் மாறின கதை

வேலை இன்னான்னா, ஒரு கல்யாண மண்டபத்தோட வெப்சைட்டுல எந்த ஃபைலாவது மாறிக்கீதான்னு தினம் காலைல பாக்கணும். அவ்ளோதான்.

நான் கீறது உத்திரமேரூர்ல. சர்வரு கீறது மும்பைல. அதனால தினமும் தானா ஓடற ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நேத்து இருந்த ஃபைலையும் இன்னிக்கு இருக்கறதையும் ஒத்துப் பாத்து, மாறியிருந்தா எனக்கு மெயில் அனுப்பிடும். எது மாறுச்சுன்னு சொல்லும். இன்னா மாறுச்சுன்னு சொல்லாது. அத அப்பால எழுதிக்கலாம்னு வுட்டுட்டேன். சோம்பேறித்தனம்தான், வேற இன்னா?

மண்டபத்து ஓனர் சரோஜாக்கா கிட்ட பெருசா பீத்திக்கினேன். "இனிமே ஒரு எறும்பு நுழைஞ்சாலும் எனக்குத் தெரியும்க்கா."

"எறும்பு கெடக்கட்டும். வியாழக்கெழம பத்து மணிக்கு தை முகூர்த்த புக்கிங்கு சைட்டுல ஆரம்பம்னு ஊரு பூரா சொல்லிட்டேன். அன்னிக்கு சொதப்புன, நான் பழையபடி டைரிக்கே போயிடுவேன். நீ வேற வேல பாத்துக்க."

வியாழக்கெழம எட்டு மணி. நாஷ்டாவுக்கு ஒக்காந்தேன். மெயில் வந்துச்சு. நாப்பத்தோரு ஃபைல் மாறிக்கீது!

இட்லிய தட்டுலயே வுட்டுட்டு எந்திரிச்சேன். ஹேக்கர்தான், சந்தேகமே இல்ல. ஒரு ஃபைலையாவது தொறந்து பாத்தேனா? இல்ல. சைட்ட மூடினேன், பாஸ்வேர்ட மாத்தினேன், வண்டிய எடுத்துக்கினு மண்டபத்துக்கு ஓடினேன்.

"அக்கா, எவனோ உள்ள பூந்துட்டான்!"

"ஐயையோ! இன்னா தூக்கினு போனான்?"

"தெரியலக்கா. ஆனா எல்லாத்தையும் தொட்டுக்கீறான்."

"பாவி! அவன் கை வெளங்காமப் போவ! எழுது தம்பி பெட்டிஷன. ஸ்டேஷன்ல குடுத்துடலாம்."

எழுதினேன். 'அடையாளம் தெரியாத மர்ம நபர்'னு ரெண்டு எடத்துல அழுத்திப் போட்டேன். கையெழுத்துக்கு நீட்டினேன்.

அக்கா பேப்பரப் பாத்துட்டு தலையில அடிச்சிக்கினாங்க. "இன்னா பழக்கம் தம்பி இது? மேல பிள்ளையார் சுழியே போடல!"

அவங்களே 'உ' போட்டு கீழ ரெண்டு கோடு இழுத்தாங்க.

"உன் ஃபைலுங்கள்லயும் இதே லட்சணம்தான். நேத்து போன் நம்பர் மாத்தலாம்னு உள்ள போனா, ஒண்ணுத்துலயும் சுழி இல்ல. நல்ல காரியம் ஆரம்பிக்கறமேன்னு நானே ஒவ்வொண்ணா தொறந்து மேல போட்டேன். கையே வலி எடுத்துடுச்சு."

பாஸ்வேர்ட குடுத்தது யாரு? நான்தான்.

மணி ஒன்பதே முக்கா. "அக்கா, ஃபைலுக்கு மேல இப்டி எழுத்து இருந்தா சைட்டு ஓடாது. அழிச்சிடறேன்."

"போட்ட சுழிய அழிக்கறதா? அப்ப புக்கிங்கே வேணாம்!"

கெஞ்ச நேரமில்ல. நாப்பத்தோரு சுழியையும் அழிக்காம, சைட்டு படிக்காம தாண்டிப் போற கமெண்ட் குறிக்குள்ள தள்ளிவுட்டேன். பத்து அஞ்சுக்கு சைட்டு தொறந்துச்சு. பத்து பத்துக்கு மொத முகூர்த்தம் புக் ஆச்சு. என் வேல தப்பிச்சுது. உசுரே திரும்பி வந்துச்சு!

"அப்ப இந்த பெட்டிஷன கிழிச்சிடலாமாக்கா?"

"சுழி போட்ட பேப்பரையா?"

மர்ம நபரே அத மடிச்சு பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க.