மேம்பாலத்துக்குக் காது கொடுத்தவர்

மக்களாட்சி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் கருத்துக்கேட்பு அதிகாரிதான். மக்களைக் கேட்காமல் அவர் ஒரு மேம்பாலத்தையும் அனுமதித்ததில்லை. ஒப்பந்தக்காரர் கிரேனைக் கொண்டுவந்து நிறுத்திய மறுநாளே கூட்டம் போட்டுவிடுவார்.

அவருடைய மாபெரும் கண்டுபிடிப்பு, 'மனிதநேய வரைபடம்'. முன்பெல்லாம் வரைபடத்தில் தெருப்பெயர் இருந்தது. ஆளாளுக்கு விரலை வைத்து, "ஐயோ, என் வீடு!" என்று ஒப்பாரி வைத்தார்கள். பொதுநலத்துக்கு நடுவே இப்படிச் சுயநலம் புகுந்தால் நாடு உருப்படுமா? தெருப்பெயர்களை எடுத்தார். அப்புறம் வீடுகளையும் எடுத்தார். அழகுக்காக ஒரு குளத்தை மட்டும் விட்டுவைத்தார். யாருக்கும் மனவருத்தமில்லை. பொறியாளர்களின் அசல் வரைபடத்தை அவரும் பார்ப்பதில்லை. பார்த்தால் நடுநிலை கெட்டுவிடுமாம்.

அன்றைய கூட்டத்துக்கு அவருடைய அக்காவும் வந்திருந்தார். தையல் மிஷினை மிதித்து மிதித்துத் தம்பியைப் படிக்கவைத்து, ஒரு வீட்டையும் கட்டியவர். தம்பி மேடையில் பேசுவதைப் பார்க்கத்தான் வந்தார். போகிற போக்கில் மைக் கைக்கு வந்தது.

"தம்பி, இந்த நீலம் நம்ம குளம்தானே?"

"ஆமாங்க. பொதுமக்கள் சுருக்கமா கேளுங்க."

"குளத்துக்கு அந்தப் பக்கம்தானே என் வீடு? அங்க பாலம் போகுது. வீட்டைக் காணோமே?"

அதிகாரி திரும்பி, மேடையில் தொங்கிய தன் வரைபடத்தை முதல்முறையாக உற்றுப் பார்த்தார். குளத்தை வைத்துக் கணக்குப் போட்டால், பாலத்தின் தூண் ஒன்று அக்காவின் அடுப்படியில் நின்றது.

மேடையில் பக்கத்து நாற்காலியிலிருந்த தலைமை அதிகாரி அவர் காதருகே குனிந்தார். "யாருய்யா அந்தம்மா?"

"பொதுமக்கள், சார்."

"எதிர்ப்பா?"

"சந்தேகம், சார்."

"தீர்த்து வையி. உன் பதவி உயர்வு ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு."

அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"அம்மா, வரைபடத்துல உங்க வீடு இருக்கா?"

"இல்லையே, தம்பி."

"இல்லாத வீட்டை எப்படிங்க இடிப்பாங்க?"

அக்காவின் முகம் மலர்ந்தது. "அதானே! நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவர்தான் முதலில் கைதட்டினார். அரங்கமே சேர்ந்து தட்டியது. 'பாதிக்கப்படுவோர் உள்பட அனைவரும் மகிழ்ச்சியுடன் வரவேற்றனர்' என்று அறிக்கை தயாரானது.

கூட்டம் கலைந்ததும் அக்கா மேடைப் படியருகே வந்தார்.

"எதிர்ப்பு மனு கொடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாளாம். எல்லாரும் எழுதச் சொன்னாங்க. என் தம்பி இருக்கும்போது எனக்கு எதுக்குன்னு கிழிச்சுப் போட்டுட்டேன்."

அதிகாரிக்கு வெட்கத்தில் காது சுட்டது. சொல்லிவிட இன்னும் நேரமிருந்தது. ஆனால் அவர் வேலை கேட்பது மட்டும்தான். வீட்டுக்காரர்களுக்குச் சேதி சொல்ல வேறு துறை இருக்கிறது. அவர்கள் புல்டோசரில் வருவார்கள்.