பேரம் பேசினால் தடிக்கும்

இனிமேல் யார் வந்து பேரம் பேசினாலும் என் உடம்பு தடிக்கக் கூடாது என்று ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வரும் வழியில், உறுதியாக முடிவெடுத்தேன். கடையைத் திறந்தேன். முதலில் வந்த அம்மா ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்து, "இன்னா பாய், கொடம் இவ்ளோ லேசா இருக்குது? அப்ப வெலையும் லேசாத்தான் இருக்கணும்" என்றாள்.

என் இடது முழங்கை தடித்துவிட்டது.

நான் பஷீர் அகமது. கள்ளக்குறிச்சி கடைவீதியில் பாத்திரக்கடை. அத்தா காலத்திலிருந்து நடக்கிறது. என் நோய்க்குப் பெயர் காணாக்கடி. உடம்பெல்லாம் சிவந்து சிவந்து தடிக்கும், அரிக்கும், கொஞ்ச நேரத்தில் சுவடே தெரியாமல் மறையும், மறுநாள் வேறு இடத்தில் கிளம்பும். கடித்தது யார் என்று கண்ணுக்குத் தெரியாதாம், அதனால் காணாக்கடி. பெயர் வைத்தவர் பாத்திரக்கடை வைத்திருக்கவில்லை போலும். என்னைக் கடிப்பவர்களை நான் தினமும் கண்ணாரக் கண்டுகொண்டுதான் இருந்தேன்.

அன்றைக்கு அரிப்புத் தாங்காமல் கைக்கு எட்டிய கரண்டியை எடுத்து முதுகைச் சொறிந்துவிட்டேன். குடத்து அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். கரண்டி வாங்க வந்து நின்ற இன்னொருத்தி அதற்கு முன்பே தெருமுனை திரும்பிவிட்டாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார். "இத நிறுத்தாம சாப்டுங்க. ஆனா டென்ஷன் கொறையாம இது முழுசா அடங்காது. உங்களுக்கு இன்னா டென்ஷன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த என் மனைவி ஷர்புன்னிசா சொன்னாள். "பேரம் பேச வராது டாக்டர். யாராச்சும் வெலயக் கம்மி பண்ணுன்னா இவருக்கு வேர்த்துக் கொட்டும். வாங்குறவங்களே விசிறி வுடுவாங்க."

ஆட்டோவில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள்.

"நான் வேணா கல்லாவுல குந்தட்டுமாங்க?"

கல்யாணமான நாள் முதல் கேட்கும் கேள்வி. ஷர்பு பேரம் பேசுவதை நீங்கள் பார்த்ததில்லை. ஏரி மீன் விற்க வருபவர் அவளிடம் மீனைக் கொடுத்து, கழுவியும் கொடுத்து, பூனைக்கென்று தனியாக ஒன்றும் கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

"எங்க வூட்டுப் பொம்பளைங்க கல்லாவுல குந்துனதில்ல" என்றேன். இதுவும் கல்யாணமான நாள் முதல் சொல்லும் பதில்தான்.

"சரிங்க" என்று சிரித்தாள்.

மறுநாள் முதல் மாத்திரைக்குத் துணையாக வீட்டு வைத்தியமும் ஆரம்பமானது. விடிந்ததும் வெற்றிலையில் மிளகை மடித்து வாயில் திணிப்பாள். வேப்பிலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் குளியல். தடித்த இடத்திலெல்லாம் ஈரத்துணி. வேப்பமரம் என்று நினைத்து என் தலையில் காக்கை கூடு கட்டாததுதான் பாக்கி.

அடுத்தது மூச்சுப் பயிற்சி. "பேரம் பேச ஆரம்பிச்சாங்கன்னா மூச்ச இழுத்து நிறுத்துங்க. அப்புறம் மெல்ல வுடுங்க. மனசு அடங்கும்" என்றாள்.

கடையில் செய்து பார்த்தேன். ஒரு அம்மா இட்லிப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சை இழுத்து நிறுத்தினேன்.

"பாதி வெலைக்குத் தருவியா பாய்?"

பதில் சொல்ல மூச்சில்லை. கண் மட்டும் பிதுங்கியது.

"பேசாம இருக்கியே, சம்மதம்தானே?"

மூச்சை மெல்ல விட்டேன். மூச்சோடு தலையும் கீழே இறங்கியது.

"நல்லா இருப்ப பாய்!" என்று பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் காது வரைக்கும் தடித்தது.

"இது மூச்சுல அடங்குற கேஸ் இல்லீங்க" என்றாள் ஷர்பு. "கொஞ்ச நாள் கடைய மூடிட்டு வெள்ளிமலைக்குப் போயி வாங்க. குளுகுளுன்னு இருக்கும். நம்மகிட்ட தேனும் சாமையும் கொண்டாந்து குடுப்பாங்களே செல்லியம்மா, அவங்க வூட்டுல தங்கிக்கலாம். கைநாடி புடிச்சிப் பாத்து நோவு சொல்லுவாங்களாம்."

மாத்திரையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மனசு லேசாகிக்கொண்டே வந்தது. மேலே சாமைச் சோறு, சில்லென்று காற்று, காட்டோரம் நடை. குடத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தமே இல்லை. தடிப்பும் இல்லை. வழவழவென்று இருந்த கையை நானே தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று செல்லியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார். வெகுநேரம் மூடியே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தபோது பேசினார்.

"பாய், ஒன் நோவு ஒடம்புல இல்ல. கல்லாவுல குந்திக்கினு இருக்குது."

"கடைய வித்துடச் சொல்றியாம்மா?"

"ஐயே, கடைய இன்னாத்துக்கு விக்கிற? நீ அங்க குந்தாத. வூட்டுல வேற கெட்டிக்கார ஆளு இல்லியா?"

"அண்ணன் தம்பி யாரும் இல்ல. பொண்டாட்டி ஒருத்திதான்."

"பொம்பளையா..." என்று யோசித்தார். "பரவால்ல, குந்த வெய்யி. ஆனா அவ ஒத்துக்கணுமே?"

அந்தக் கடைசி வார்த்தை கள்ளக்குறிச்சி வரும்வரை என்னைக் குடைந்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால்?

வீட்டுக்குள் நுழைந்ததும் கம்பீரமாக அறிவித்தேன். "ஷர்பு! நல்லா யோசிச்சிப் பாத்தேன். நாளையிலிருந்து கல்லாவுல நீதான்."

அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லா! நானா? நம்ம வூட்டுப் பொம்பளைங்க கல்லாவுல குந்துனதில்லீங்களே!"

"அதெல்லாம் அந்தக் காலம்."

"ஊரு இன்னா சொல்லும்?"

"ஊருக்கா அரிக்குது? எனக்குத்தான் அரிக்குது! நாடி பாத்தவங்களே 'அவ ஒத்துக்கணுமே'ன்னு பயந்தாங்க. ஒத்துக்கம்மா!"

முகவாயில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் கடைக்குப் போயிட்டா மாவு யாரு ஆட்டறது?"

"நான்."

"மத்தியானச் சோறு?"

"நானே ஆக்கிக் கொண்டாரேன்."

"துணி?"

கழுத்தில் லேசாக அரிக்க ஆரம்பித்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, பேரம்னாலே உங்களுக்கு ஆவறதில்ல. வேணாங்க, நான் வூட்டுலயே இருந்துக்கறேன்."

"துணியும் நான்! ஒத்துக்க!"

"உங்களுக்காகத்தாங்க" என்று பெருமூச்சு விட்டாள்.

அப்புறம் நடந்ததுதான் அதிசயம். கடையில் கூட்டம் சேர்ந்தது. குடத்தைத் தட்டியவர்களெல்லாம் அவள் சொன்ன விலைக்கு வாங்கி, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். நானோ வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே குழம்பு கூட்டினேன். எனக்குக் கைப்பக்குவம் இருப்பது எனக்கே அதுவரை தெரியாது. தடிப்பு வருவது அபூர்வமாகி, அப்புறம் நின்றே போனது. டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டு, "இன்னா செஞ்சீங்க?" என்று வியந்தார். "மலை வைத்தியம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

போன மாதம் ஒரு மத்தியானம். சாப்பாட்டுக் கேரியரோடு கடை வாசலுக்கு வந்தேன். உள்ளே செல்லியம்மாள் ஒரு பெரிய அண்டாவைப் பிடித்துக்கொண்டு ஷர்புவோடு மல்லுக்கு நின்றார்.

"நீ சொல்லச் சொன்னத ஒரு வார்த்த வுடாம சொன்னேனா இல்லியா பாயம்மா?"

"சொன்னீங்க. அதுக்குத்தான் அண்டா. மூடி தனி வெல."

"'அவ ஒத்துக்கணுமே'ன்னு ஒண்ணு நானே சேத்துச் சொன்னேன். அதுலதான பாய் வந்து ஒன்னக் கெஞ்சுனாரு? அதுக்கு ஒரு மூடி தர மாட்டியா?"

கேரியரை வாசற்படியில் டங்கென்று வைத்தேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஷர்பு!" என்று கத்தினேன். "இன்னா இதெல்லாம்?"

அவள் பதறவே இல்லை. "கையக் காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். புரட்டிப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். காதுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"ஒண்ணுமே தடிக்கலியே. அப்ப உங்களுக்குக் கோவம் வரலீங்க."

யோசித்துப் பார்த்தேன். உண்மையிலேயே வரவில்லை. எனக்குத் திரும்பிப் போய் அந்தக் கல்லாவில் உட்காரவும் மனசில்லை. செல்லியம்மாளைப் பார்த்தேன்.

"ஒனக்கு நெஜமா நாடி பாக்கத் தெரியுமாம்மா?"

"எனக்கு எங்க பாய் தெரியும்? ஆடு மாட்டுக்குன்னா கொஞ்சம் பாப்பேன்."

ஷர்பு சிரித்துக்கொண்டே மூடியையும் எடுத்து அண்டாவின் மேல் வைத்தாள். வெள்ளிமலை பஸ் புறப்படும் நேரம். அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தது நான்தான்.